இணையவழி முதுகலைப் பட்டம் பணிப்பதிவேட்டில் ஏற வேண்டுமானால்: நீலகிரி ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

"ஆன்லைன் டிகிரி செல்லுமா?" என்று கேட்டு வரும் ஆசிரியரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மேசையில் கொடுக்கப் போகிறீர்கள்? ஒரு சான்றிதழைத் தனியார் பள்ளி முதல்வர் மறுகேள்வியின்றி வாங்கி வைத்துக்கொள்வார். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் அதே சான்றிதழ், பாடப்பெயரில் கூடுதலாக இருக்கும் ஒரு சொல்லுக்காகத் திரும்பி வரும். கல்வி அலுவலகத்திலோ பட்டத்தில் குறையேதும் இல்லாமலேயே, முன் அனுமதி ஆணை கோப்பில் இல்லை என்பதற்காக அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

கூடலூர், பந்தலூர் வட்டங்களின் ஆசிரியர்களுக்கு இத்தகைய கோப்புகளைத் தயாரித்துக் கொடுத்துவருவதில் நான் கண்டது என்னவென்றால், பெரும்பாலோர் செய்யும் வேலைகள் சரியானவை, செய்யும் வரிசைதான் தவறு. முதலில் பணம் கட்டுகிறார்கள், பிறகு அனுமதி கேட்கிறார்கள், பட்டம் வந்த பிறகே அங்கீகாரத்தைத் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அதைத் திருப்பிப் போடுவதற்காகவே எழுதப்பட்டது.

1. பட்டம் போய்ச் சேரும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

அரசு அல்லது உதவிபெறும் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக இருந்து முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு பெறுவது ஒரு நோக்கம். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வை எழுதுவது இன்னொன்று. கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் எழுதிக் கல்லூரிக்குப் போவது மூன்றாவது. உதகை, லவ்டேல், கோத்தகிரி உறைவிடப் பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு எடுப்பது நான்காவது. ஒவ்வொன்றுக்கும் கேட்கப்படும் தாள்கள் வேறு.

நெட் தேர்வுக்கு முதுகலையில் பொதுப் பிரிவினருக்கு 55 விழுக்காடு, இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 50 விழுக்காடு வேண்டும். இணையவழியில் படித்தவர் என்பதால் அங்கே தடை ஏதும் இல்லை. முதுகலை ஆசிரியர் பணிக்கு முதுகலையுடன் பி.எட். வேண்டும், பாடமும் பொருந்த வேண்டும். உறைவிடப் பள்ளிகளில் மாதிரி வகுப்புக்குத்தான் எடை அதிகம்; சான்றிதழ் கதவைத் திறக்கும், அவ்வளவே.

ஊதிய உயர்வு கிடைக்கும் என்ற கணக்கில் மட்டும் சேர்பவர்கள் நிதானிக்க வேண்டும். உயர்கல்வி முடித்தால் தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. இரண்டு ஊக்க ஊதியம் வாங்கிய மூத்த ஆசிரியரின் சொல்லை நம்பிக் கடன் வாங்கிப் படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

2. பாடப்பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பட்டங்கள் அதிகம் திரும்புவதும் இங்கேதான்.

முதுகலை ஆசிரியர் பணிக்கு இளங்கலையிலும் முதுகலையிலும் ஒரே பாடம் இருக்க வேண்டும், அல்லது அரசாணையால் இணையானது என ஏற்கப்பட்ட பாடம் இருக்க வேண்டும். பி.எஸ்சி. கணிதம் படித்தவர் எளிது என்று எண்ணி எம்.ஏ. தமிழ் முடித்தால், அந்த எம்.ஏ. உண்மையானது, அங்கீகாரம் பெற்றது, ஆனால் அதைக் கொண்டு அவர் தமிழ் முதுகலை ஆசிரியர் ஆக முடியாது. அலுவலக வழக்கில் இதைக் கிராஸ் மேஜர் என்பார்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், முதுகலை என்ற வரிசையும் முறையாக இருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டங்கள் 2009-ஆம் ஆண்டு அரசாணைப்படி தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு ஏற்கப்படுவதில்லை.

அடுத்தது பெயரில் ஒட்டியிருக்கும் அடைமொழி. இணையவழிப் படிப்புகளில் பல்கலைக்கழகங்கள் சந்தைக்கேற்ற பெயர்களைச் சூட்டுகின்றன. வேதியியலுக்கு முன்னால் "பயன்பாட்டு" என்றோ, ஆங்கிலத்துக்குப் பின்னால் "தகவல் தொடர்பு" என்றோ ஒரு சொல் சேர்ந்தால், கல்வி அலுவலகத்தைப் பொறுத்தவரை அது வேறொரு படிப்பு. பாடத்திட்டத்தில் முக்கால் பங்கு ஒன்றாக இருக்கிறது என்று ஆசிரியர் வாதிடலாம். அந்த வாதத்தைக் கேட்டு முடிவெடுக்கும் அதிகாரம் சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் இருப்பவருக்குக் கிடையாது. அவர் கேட்பது இணைத்தன்மை அரசாணையின் எண். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு ஆராய்ந்து பரிந்துரைத்த பிறகு உயர்கல்வித் துறை வெளியிடும் ஆணை அது.

ஆகவே சேரும் முன்பே உங்கள் இளங்கலைச் சான்றிதழையும், சேரப்போகும் படிப்பின் விளக்கக் கையேட்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, பாடப்பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். ஒரு சொல் வேறுபட்டாலும் அதற்கான அரசாணையைத் தேடி அச்செடுங்கள். ஆணை இல்லையென்றால் அந்தப் படிப்பை விட்டுவிட்டு வெறும் பாடப்பெயரில் நடக்கும் படிப்பைத் தேடுங்கள். பட்டம் பெற்ற பிறகு இணைத்தன்மை கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு, ஆனால் காத்திருக்கும் காலத்தில் பதவி உயர்வுப் பட்டியல் உங்களைக் கடந்து போயிருக்கும்.

எம்.ஏ. கல்வியியலை எம்.எட். என்று நினைத்துச் சேர்வதும் அடிக்கடி நடக்கிறது. எம்.எட். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிகளுக்கு உட்பட்ட தொழிற்படிப்பு, எம்.ஏ. கல்வியியல் அப்படியல்ல. எம்.எட். கேட்கும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பணிக்கு எம்.ஏ. கல்வியியலை நீட்டினால் எடுபடாது.

3. அங்கீகாரத்தைப் படிப்பு, பருவம், முறை மூன்றுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்

"யுனிவர்சிட்டி யுஜிசி அப்ரூவ்டு" என்ற வாசகம் எதையும் நிறுவாது. பல்கலைக்கழகத்துக்கு அங்கீகாரம் இருக்கலாம், அதன் எம்.ஏ. வரலாற்றுக்கு இணையவழியில் நடத்தும் அனுமதி இல்லாமல் இருக்கலாம். சென்ற ஆண்டு இருந்த அனுமதி இந்தப் பருவத்துக்கு இல்லாமலும் போகலாம்.

யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் தன் இணையதளத்தில் கல்வியாண்டு வாரியாகப் பட்டியல் வெளியிடுகிறது. தொலைநிலைக்கு ஒரு பட்டியல், இணையவழிக்கு வேறொரு பட்டியல். ஆண்டுக்கு இரண்டு சேர்க்கைப் பருவங்கள், ஒன்று ஜனவரி-பிப்ரவரி, மற்றது ஜூலை-ஆகஸ்ட். நீங்கள் சேரும் பருவத்துக்கு உரிய பட்டியலைத் திறந்து, நீங்கள் சேரும் படிப்பின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்துப் பழைய பட்டியலைத் தேடி அலைவதைவிட இது எளிது. சரிபார்க்கும் அலுவலருக்கும் வேலை குறையும்.

தொலைநிலைக்கும் இணையவழிக்கும் எல்லை விஷயத்தில் பெரிய வேறுபாடு உண்டு. தொலைநிலைப் படிப்பை நடத்தும் மாநிலப் பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு வெளியே படிப்பு மையம் வைக்க முடியாது. இணையவழிப் படிப்புக்கு இந்த எல்லை கிடையாது. கூடலூர் மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடம் என்பதால், வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் "மையம்" என்று பலகை மாட்டிய அறையைக் கடைவீதியில் காண்பது புதிதன்று. சேரப்போவது எந்த முறை என்று கேளுங்கள்; தொலைநிலை என்றால், அந்தப் பலகைக்கு மதிப்பில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் அதற்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.

இந்த மூன்றும் சரியாக இருந்தால், நேரடிப் பட்டத்துக்கு இது சமமா என்ற கேள்விக்கு விடை தெளிவானது. மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின் 22-ஆம் விதி, அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்களை நேரடிக் கல்லூரிப் பட்டத்துக்கு இணையாகக் கருத வேண்டும் என்கிறது. 2022 செப்டம்பரில் மானியக் குழு இதையே மீண்டும் அறிவிப்பாக வெளியிட்டது. அந்த அறிவிப்பின் நகல் ஒன்றையும் கோப்பில் சேருங்கள். எதிரே இருப்பவர் வாய்மொழியை நம்ப வேண்டிய அவசியம் இல்லை, தாளை நம்புவார்.

4. இணையவழியில் கிடையாதவை

முனைவர் பட்டம் இணையவழியிலோ தொலைநிலையிலோ கிடையாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆன்லைன் பிஎச்.டி. தருவதாகச் சொல்லும் கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றி மானியக் குழு 2022 அக்டோபரிலேயே எச்சரித்தது. பி.எட். பட்டத்தை முழுக்க இணையவழியில் நடத்தவும் அனுமதி இல்லை.

மாணவர் ஆலோசகர் பணியை எண்ணி உளவியல் படிக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியல் உள்ளிட்ட சுகாதாரம் சார்ந்த படிப்புகளை இணையவழியிலும் தொலைநிலையிலும் நடத்த மானியக் குழு தடை விதித்துவிட்டது. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு இடம் இருக்கிறது என்று யாரேனும் அழைத்தால் போகாதீர்கள்.

5. சேரும் முன் முன் அனுமதி பெறுங்கள்

அரசு, உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களுக்கு இதுவே வரிசையின் முதுகெலும்பு. உயர்கல்வி பயில முன் அனுமதி கோரும் விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து ந.க. எண் எனும் அலுவலகக் கோப்பு எண்ணும் தேதியும் கொண்ட செயல்முறைகளாக, அதாவது எழுத்துபூர்வ ஆணையாக, திரும்ப வேண்டும். "எச்.எம். கிட்ட சொல்லிட்டேன், சரின்னுட்டார்" என்பது அனுமதி ஆகாது.

விண்ணப்பத்தோடு மூன்றைச் சேருங்கள்: படிப்பின் பெயர், பல்கலைக்கழகம், பருவம், முறை ஆகியவை தெரியும் கையேட்டுப் பக்கம், மூன்றாம் படியில் எடுத்த அங்கீகாரப் பட்டியலின் அச்சு, வகுப்புப் பணிக்குக் குந்தகம் இல்லாமல் படிப்பேன், தேர்வு நாள்களுக்கு உரிய விடுப்பு எடுப்பேன் என்ற உறுதிமொழி. இவை இல்லாத விண்ணப்பம் விவரம் கேட்டுத் திரும்பும். பந்தலூர் வட்டத்து எருமாட்டுப் பள்ளியிலிருந்து போன தாள் திரும்பி வந்து மறுபடி போவதற்குள் சேர்க்கையின் கடைசி நாள் முடிந்துவிடும்.

இங்கே நடக்கும் பிழை தேதியில்தான். கடைசி நாள் நெருங்குகிறது என்று முதலில் சேர்ந்துவிட்டு, அனுமதி பிறகு வரட்டும் என்று விடுகிறார்கள். அப்போது சேர்க்கைத் தேதி முன்னதாகவும் ஆணைத் தேதி பின்னதாகவும் அமைந்துவிடும். அதைச் சரிசெய்யப் பின்னேற்பு, அதாவது நடந்து முடிந்ததற்குப் பிறகு தரும் அனுமதி, கோர வேண்டும். அது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஜூலைப் பருவத்தில் சேர எண்ணினால் ஏப்ரல் மாதத்திலேயே, கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும் முன்பே, விண்ணப்பத்தைக் கொடுத்து ஒப்புதல் கையெழுத்துடன் நகல் வாங்குங்கள். அந்தப் பருவத்துக்கான அங்கீகாரப் பட்டியல் அதற்குள் வெளியாகவில்லை என்றால், முந்தைய பருவத்தின் பட்டியலை இணைத்துவிட்டு, புதியது வந்ததும் கூடுதல் இணைப்பாகக் கொடுங்கள். புதிய பட்டியலில் பெயர் இருப்பதைப் பார்க்காமல் மட்டும் பணம் கட்ட வேண்டாம்.

ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு பற்றியும் கேட்கிறார்கள். 2022-இல் மானியக் குழு இதற்கு வழிவிட்டது உண்மை. ஆயினும் பதவி உயர்வுக் கோப்பில் ஒரே ஆண்டில் இரண்டு பட்டம் என்று வந்தால் கேள்வி எழாமல் இருப்பதில்லை. பி.எட். முடித்துவிட்டு முதுகலை, அல்லது முதுகலை முடித்துவிட்டு பி.எட். என்று போவதே என் கணிப்பில் பாதுகாப்பானது.

6. பெயரையும் தலைப்பெழுத்தையும் சரிசெய்யுங்கள்

இணையவழி, தொலைநிலைப் படிப்புகளில் சேர, தொலைநிலைக் கல்விப் பணியகத் தளத்தில் உருவாக்கும் டெப் அடையாள எண் இப்போது கட்டாயம். அதை உருவாக்க ஏபிசி எண் எனப்படும் கல்விக் கடன்மதிப்பு வங்கி எண் வேண்டும். அதற்கு ஆதார் வேண்டும். அதாவது உங்கள் முதுகலைப் பட்டத்தில் வரப்போகும் பெயரின் வேர் ஆதாரில் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலோ பெயர் வேறு வடிவில் இருக்கும்.

ஒரு மாதிரியைப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "சுமதி ஆர்" என்று இருக்கிறது. ஆர் என்பது தந்தை ராஜு. திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் முகவரி மாற்றும்போது, கணினி மையத்தில் இருந்தவர் கணவர் பெயரைச் சேர்த்து "சுமதி மணி" என்று ஏற்றிவிட்டார். பணிப்பதிவேட்டில் "ஆர். சுமதி". இப்போது ஏபிசி எண் "சுமதி மணி" என்ற பெயரில் உருவாகும், பட்டமும் அதே பெயரில் வரும். இருவரும் ஒருவரே என்று நிறுவ அரசிதழ் அறிவிப்பு வரை போக நேரிடும்.

ஆகவே ஏபிசி எண் உருவாக்கும் முன்பே ஆதாரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏற்பத் திருத்துங்கள். தலைப்பெழுத்து முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, ஆங்கில எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி ஆகியவற்றையும் பாருங்கள். திருத்தம் பதிவாகி வரும்வரை பொறுங்கள், அவசரப்பட்டு எண்ணை உருவாக்கிவிட வேண்டாம்.

7. பணத்தைப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கட்டுங்கள்

இடைத்தரகர் கணக்குக்கோ தொலைபேசி எண்ணுக்கோ கட்டணம் அனுப்பாதீர்கள். உரிமக் கிளை (பிரான்சைஸ்) வைத்துப் பட்டம் நடத்துவதை மானியக் குழு விதிகள் தடைசெய்கின்றன. ஆகவே தரகர் கொடுக்கும் ரசீது எந்த அலுவலகத்திலும் நிற்காது. பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிட்ட ரசீதும் சேர்க்கை எண்ணும் உங்கள் மின்னஞ்சலுக்கே வர வேண்டும். தரகர் தன் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தால், கடவுச்சொல் அவர் கையில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

8. தேர்வு நாளை மழையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்

பருவத் தேர்வுகள் பொதுவாக ஆண்டின் நடுவிலும் முடிவிலும் வருகின்றன. நீலகிரியில் அவை இரண்டும் மழைக்காலங்கள். கூடலூர், பந்தலூர், தேவாலா பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கிவிடும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மேற்கே இருப்பவருக்கு ஜூன்-ஜூலைத் தேர்வும், கிழக்கே இருப்பவருக்கு டிசம்பர்த் தேர்வும் சோதனை.

கண்காணிப்புக் கேமராவுடன் வீட்டிலிருந்தே எழுதும் தேர்வு என்றால், இணைப்பு அறுந்தால் எத்தனை நிமிடத்துக்குள் மீண்டும் நுழையலாம் என்பதை விதிமுறையில் தேடிப் படியுங்கள். மரம் விழுந்து மின்சாரம் போனால் மடிக்கணினியின் மின்கலம் தாங்கும். ரூட்டர் தாங்காது, அதற்குத் தனி மின்சேமிப்பு வேண்டும். கைபேசி இணைப்பை மாற்றுவழியாக வைத்திருப்பவர், தேர்வு எழுதும் அறையிலேயே மழை நாளில் சோதித்துப் பார்க்க வேண்டும். வாசற்படியில் வரும் சிக்னல் உள்ளறையில் வருவதில்லை. பலரும் உதகையிலோ கோவையிலோ உறவினர் வீட்டில் தங்கி எழுதுவதே நிம்மதி என்று முடிவு செய்கிறார்கள், அதில் தவறில்லை.

மையத்தில் எழுதும் தேர்வு என்றால் முதல் நாளே மலையிறங்குங்கள். மண்சரிவால் குன்னூர் வழி மூடினால் கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் போகலாம், நேரம் கூடும். கூடலூர்க்காரர்கள் அருகில் இருக்கிறதே என்று மைசூரு மையத்தைத் தேர்ந்தெடுப்பதுண்டு. பந்திப்பூர் வனச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதால், காலைத் தேர்வுக்கு அன்றே கிளம்பிச் சேர்வது மிக நெருக்கடியானது.

9. பட்டம் கைக்கு வந்ததும் செய்ய வேண்டியவை

முதலில் சான்றிதழைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எந்த முறையில் படித்தது, சேர்ந்த தேதி, முடித்த தேதி ஆகியவை அங்கே இருக்க வேண்டும் என்பது மானியக் குழுவின் விதி. அந்தத் தேதிகள் உங்கள் முன் அனுமதி ஆணையோடு ஒத்துப்போகின்றனவா, முறை சரியாக அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, பிழை இருந்தால் உடனே எழுதுங்கள். "இணையவழி" என்று அச்சாகியிருப்பதைக் கண்டு சிலர் கூச்சப்படுகிறார்கள். அந்தச் சொல் இருப்பதுதான் நல்லது. அது இல்லாத சான்றிதழைத்தான் அலுவலர் சந்தேகத்தோடு பார்ப்பார்.

பிறகு உண்மைத்தன்மைச் சான்றுக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதச் செய்யுங்கள். ஜெனியூனஸ் என்று அலுவலகங்களில் சொல்லப்படும் இது பள்ளி அல்லது கல்வி அலுவலகம் வழியாகப் போய், பதில் அவர்களுக்கே வர வேண்டும். ஆசிரியர் தாமே நேரில் வாங்கி வந்த கடிதத்தை ஏற்பதில்லை. கட்டணம் செலுத்திய ரசீதை இணைக்காமல் அனுப்பிய கடிதங்கள் பதிலின்றிக் கிடக்கும். அனுப்பிய மாதத்துக்குப் பிறகும் பதில் இல்லையென்றால் நினைவூட்டு ஒன்று போகட்டும்.

பணிப்பதிவேட்டில் பதிவு செய்வதை உண்மைத்தன்மைச் சான்று வரும்வரை தள்ளிப்போடாதீர்கள். தற்காலிகச் சான்றிதழ், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், முன் அனுமதி ஆணை மூன்றையும் வைத்து விண்ணப்பித்துவிடலாம். பதவி உயர்வுக்கான பட்டியல் ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படி தயாரிக்கப்படுவதால், டிசம்பரில் முடிவு வெளியானவர்கள் பட்டமளிப்பு விழாவுக்காகக் காத்திருந்தால் ஓராண்டு போய்விடும். தற்காலிகச் சான்றிதழில் உள்ள தேதிதான் இங்கே கணக்கு. பதிவு செய்த பக்கத்தில் அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகு அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரசுப் பணியில் இல்லாதவர்கள் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவில் புதிய தகுதியைச் சேர்க்க வேண்டும். தனியார் பள்ளிக்கு விண்ணப்பிப்பவர்கள் அங்கீகாரப் பட்டியலின் அச்சையும் 2022 அறிவிப்பின் நகலையும் சான்றிதழுக்குப் பின்னாலேயே வைத்துக் கொடுங்கள். வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு: 2025-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர்கள் மானியக் குழுவிடமே இணைத்தன்மைச் சான்று கோர வேண்டும், உரிமக் கிளை வழியாகப் பெற்ற பட்டத்துக்கு அது கிடைக்காது.